கலர் பிரின்ட்டுக்கு ஏன் காசு ஜாஸ்தி? செஸ்டர் கார்ல்சன் வாழ்க்கையில் இருக்கிறது பதில்

காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் புராஜெக்ட் ரிப்போர்ட் பிரின்ட் எடுத்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. நாளைக்கு சப்மிஷன். மொத்த வகுப்புக்கும் ஒரே பிரின்டர். சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு ஒரு ரேட், கலருக்கு அதைப்போலப் பல மடங்கு ரேட். கிராஃப் இருக்கிற பக்கங்களை மட்டும் கலரில் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கறுப்பில் எடுத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்போம்.

அந்த ரேட் வித்தியாசத்துக்கு ஒரு காரணம் உண்டு. கறுப்பு எழுத்துக்காக அந்த மெஷின் ஒரு வேலையை ஒரு தடவை செய்கிறது. கலருக்காக அதே வேலையை நான்கு தடவை செய்கிறது. அந்த வேலையை உலகத்திலேயே முதல்முறை செய்து பார்த்தவர் செஸ்டர் கார்ல்சன். நம்ம ஊர்த் தெருமுனைக் கடையில் எழுதியிருக்கும் ஜெராக்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் இவர்தான். சட்டப் புத்தகம் வாங்கக் காசு இல்லாமல் லைப்ரரியில் உட்கார்ந்து கையால் எழுதி எடுத்த மாணவர் என்பதும் அவரைப் பற்றிய செய்திதான்.

கோழிக்கூண்டு வீடு

கார்ல்சன் பிறந்தது 1906 பிப்ரவரி 8, அமெரிக்காவின் சியாட்டில் நகரம். அப்பா முடிதிருத்துபவர். காசநோயும் முதுகெலும்பு வாதமும் அவரை வேலை செய்ய விடவில்லை. வெயில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று குடும்பம் ஊர் ஊராக மாறியது. மெக்சிகோவில் நிலம் கிடைக்கும் என்ற திட்டத்தை நம்பி 1910-ல் அங்கே போனார்கள். அதில் அம்மாவுக்கு மலேரியா வந்ததுதான் மிச்சம். கடைசியில் கலிபோர்னியா.

எட்டு வயதில் சின்னச் சின்ன வேலைகளுக்குப் போக ஆரம்பித்த பையன், ஹைஸ்கூல் படிக்கும்போது வீட்டின் முக்கிய வருமானமாகிவிட்டான். ஸ்கூலுக்கு முன்னால் வேலை, ஸ்கூல் விட்டு வந்ததும் வேலை. 17 வயதில் அம்மா காசநோயில் இறந்துபோனார். அப்பாவும் மகனும் கொஞ்ச காலம் குடியிருந்த இடம், முன்பு கோழி அடைத்து வைத்திருந்த ஒற்றை அறை, வெறும் சிமென்ட் தரை.

இத்தனைக்கு நடுவிலும் அச்சு மேல் ஒரு பைத்தியம் இருந்தது. சின்ன வயதில் அவருக்குப் பிடித்த விளையாட்டுப் பொருள் ரப்பர் ஸ்டாம்ப் எழுத்துப் பெட்டி. பத்து வயதில் கையாலேயே ஒரு பத்திரிகை தயாரித்து நண்பர்களிடம் சுற்றுக்கு விட்டார். பிறகு உள்ளூர் அச்சகத்தில் வேலை பார்த்து, செய்த வேலைக்கு ஈடாக ஒரு பழைய அச்சு இயந்திரத்தை வாங்கிக்கொண்டார். அதில் வேதியியல் பிடித்த மாணவர்களுக்காக ஒரு சிறு பத்திரிகை அடிக்கப் பார்த்தார். எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்ப்பது எவ்வளவு பெரிய பாடு என்று கைக்குத் தெரிந்தது அப்போதுதான்.

கால்டெக்கில் இயற்பியல் படித்து 1930-ல் பட்டம் வாங்கினார். நேரத்தைப் பாருங்கள், பங்குச்சந்தை சரிந்து பெருமந்தம் ஆரம்பித்திருந்த வருஷம். 82 கம்பெனிகளுக்கு வேலை கேட்டு எழுதினார், ஒன்றும் வேலை தரவில்லை. பிறகு நியூயார்க்கில் பெல் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. அந்த வேலை சலித்துப்போய் அங்கேயே காப்புரிமைப் பிரிவுக்கு மாறினார். 1933-ல் அதுவும் போனது. பிறகு பி.ஆர். மலோரி என்ற எலெக்ட்ரிக்கல் கம்பெனியின் காப்புரிமைப் பிரிவு.

விரல் வலியில் பிறந்த யோசனை

காப்புரிமை அலுவலகத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் பல பிரதி தேவை. எழுத்தாக இருந்தால் டைப்ரைட்டரில் கார்பன் பேப்பர் வைத்து அடிக்கலாம். ஒரு பிரதி குறைந்தால் முதலிலிருந்து அடிக்கணும், அடித்ததைச் சரிபார்க்கணும். வரைபடம் என்றால் கதை இன்னும் மோசம். வெளியே கொடுத்து போட்டோ எடுத்து வாங்கணும். காசும் அதிகம், நாளும் ஆகும்.

இதற்கு மேல் 1936-ல் மாலை நேரக் கல்லூரியில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். புத்தகங்கள் வாங்கும் வசதி இல்லை. நியூயார்க் பொது நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதினார். அப்பாவுக்கு இருந்த முதுகெலும்பு வாதம் இவருக்கும் வந்துவிட்டிருந்தது. குனிந்து எழுத எழுத முதுகு ஒரு பக்கம், விரல் இன்னொரு பக்கம். பட்டனை அழுத்தினால் பிரதி வரவேண்டும் என்ற ஆசை ஆய்வகத்தில் வந்ததல்ல, இந்த மேஜையில் வந்தது.

அதே நூலகத்தில்தான் விடையையும் தேடினார். போட்டோகிராபி ரசாயன வழியில் போக வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டார். கோடக் மாதிரி பெரிய கம்பெனிகள் அதை ஏற்கெனவே உழுது முடித்திருக்கும், தனி ஆளுக்கு அங்கே இடம் இருக்காது என்பது அவர் கணக்கு. அதனால் மின்சாரமும் ஒளியும் சந்திக்கிற இடத்தைத் தேடினார். ஹங்கேரி இயற்பியலாளர் பால் செலெனியின் ஆய்வுகள் கண்ணில் பட்டன. நிலைமின்சாரத்தால் ஒரு பரப்பில் தூளை ஒட்டவைத்துப் படம் உண்டாக்கலாம் என்பதை செலெனி காட்டியிருந்தார். சில பொருட்கள் இருட்டில் மின்சாரத்தைக் கடத்தாது, வெளிச்சம் பட்டால் கடத்தும் என்பது இன்னொரு பக்கம் தெரிந்த விஷயம். இந்த இரண்டையும் சேர்த்ததுதான் கார்ல்சனின் மூளை.

முதல் சோதனைகள் நடந்தது நியூயார்க் குவீன்ஸ் பகுதியில், வாடகை வீட்டுச் சமையலறையில். அடுப்பில் கந்தகத்தை உருக்கித் துத்தநாகத் தகட்டில் பூசுவார். கட்டடம் முழுக்க அழுகின முட்டை நாற்றம், ஒருமுறை தீயே பிடித்தது. மனைவி எல்சாவின் பொறுமைக்கும் அளவு உண்டு. கடைசியில் மாமியார் வழியாக அஸ்டோரியாவில் ஒரு பியூட்டி பார்லர் இருந்த கட்டடத்தின் மாடியில் ஒரு அறை கிடைத்தது. கை உதவிக்கு ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்திருந்த ஓட்டோ கோர்னெய் என்ற இயற்பியலாளரைச் சொற்பச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்.

1938 அக்டோபர் 22

அன்றைக்கு அந்த அறையில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இன்றைக்கு உங்கள் ஆபீஸ் லேசர் பிரின்டருக்குள் நடப்பதும் இதுதான்.

ஒரு கண்ணாடிச் சில்லில் மையால் தேதியும் ஊர்ப் பெயரும் எழுதினார்கள்: 10-22-38 அஸ்டோரியா. அறையை இருட்டாக்கினார்கள். கந்தகம் பூசிய தகட்டைக் கைக்குட்டையால் நன்றாகத் தேய்த்தார்கள். தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அதே நிலைமின்சாரம் தகட்டில் ஏறியது. எழுதின கண்ணாடியை அதன்மேல் வைத்துச் சில நொடிகள் பிரகாசமான விளக்கைக் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்சாரம் வடிந்துபோனது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தங்கியது. கண்ணாடியை எடுத்துவிட்டு லைகோபோடியம் என்ற செடியின் மெல்லிய வித்துத்தூளைத் தூவி ஊதினார்கள். மின்சாரம் தங்கிய இடத்தில் தூள் ஒட்டிக்கொண்டது, மிச்சம் பறந்துவிட்டது. தகட்டில் எழுத்து தெரிந்தது. மெழுகுத்தாளை அதன்மேல் அழுத்திச் சூடு காட்டினால் எழுத்து தாளுக்கு வந்துவிட்டது.

மின்னேற்று, வெளிச்சம் காட்டு, தூளை ஒட்டு, தாளுக்கு மாற்று, சூட்டில் உருக்கு. அவ்வளவுதான். கைக்குட்டைக்குப் பதில் இன்றைக்கு உயர் மின்னழுத்தம், தகட்டுக்குப் பதில் சுழலும் டிரம், வித்துத்தூளுக்குப் பதில் டோனர், விளக்குக்குப் பதில் லேசர். பிரின்டரிலிருந்து வரும் தாள் கையில் சூடாக இருப்பது அந்தக் கடைசிப் படியினால்தான்.

கோர்னெய் இதில் எதிர்காலம் இல்லை என்று நினைத்துச் சீக்கிரமே வேறு வேலைக்குப் போய்விட்டார். ரொம்ப வருஷம் கழித்து, பணம் வந்தபிறகு, கார்ல்சன் அவருக்கு 100 ஜெராக்ஸ் பங்குகளை அனுப்பிவைத்தார்.

யாரும் வாங்காத கண்டுபிடிப்பு

கண்டுபிடிப்பாளர்கள் கதையில் பொதுவாக அந்த ஒரு நாளைத்தான் பெரிதாகப் பேசுவோம். எனக்கு அதைவிட அதற்குப் பிறகு வந்த ஆறு வருஷம்தான் கனமாகத் தெரிகிறது. 1939 முதல் 1944 வரை 20-க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் கதவைத் தட்டினார். ஐபிஎம், கோடக், ஜெனரல் எலெக்ட்ரிக், ஆர்சிஏ என எல்லாமே பெரிய பெயர்கள். யாரும் ஆர்வம் காட்டவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் காட்டியது தேய்த்து, தூவி, ஊதி எடுத்த ஒரு மங்கலான எழுத்து. கார்பன் பேப்பர் சில காசுக்குக் கிடைக்கும்போது இது எதற்கு என்று தோன்றியிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் உஷாராக இருந்தார். தொழிலே காப்புரிமை அல்லவா? யோசனையைச் சுற்றி வேலி போட்டு வைத்தார். முக்கியமான காப்புரிமை 1942 அக்டோபர் 6-ல் கிடைத்தது.

1944-ல் வேறு ஒரு காப்புரிமை வேலையாக மலோரிக்கு வந்த பேட்டல் நிறுவனப் பொறியாளர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். ஓஹியோவில் இருக்கும் பேட்டல் லாப நோக்கமில்லாத ஆராய்ச்சி நிலையம். அவர்கள் ஒப்பந்தம் போட்டார்கள், வரும் ராயல்டியில் 40 சதவீதம் கார்ல்சனுக்கு. கந்தகத்துக்குப் பதில் செலினியம் என்பது பேட்டலில் நடந்த பெரிய முன்னேற்றம். வெளிச்சத்துக்கு அது பல மடங்கு வேகமாக வேலை செய்தது. ஒரு கட்டத்தில், தன் பங்கு குறையாமல் இருக்க 15,000 டாலர் போட வேண்டிய நிலை வந்தது. சேமிப்பைத் துடைத்து, உறவினர்களிடம் கை நீட்டிக் கட்டினார். 1945-ல் எல்சாவுடனான கல்யாண வாழ்க்கையும் விவாகரத்தில் முடிந்தது. பிறகு டாரிஸ் என்பவரை மணந்தார்.

ராச்செஸ்டர் நகரில் கோடக்கின் நிழலில் போட்டோ பேப்பர் விற்றுக்கொண்டிருந்த ஹாலாய்ட் என்ற சின்னக் கம்பெனி 1946 கடைசியில் உரிமம் வாங்கியது. அதன் தலைவர் ஜோசப் வில்சன் துணிந்து இறங்கினார். வழக்கமான வியாபாரத்தில் கம்பெனி சம்பாதித்ததைப்போல சுமார் இரண்டு மடங்கு பணம் இந்த ஒரே திட்டத்துக்குள் போனது. எலெக்ட்ரோபோட்டோகிராபி என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று, கிரேக்க மொழிப் பேராசிரியர் ஒருவரின் யோசனைப்படி ஜெரோகிராபி ஆக்கினார்கள். உலர்ந்த எழுத்து என்று பொருள். அதிலிருந்துதான் ஜெராக்ஸ்.

1949-ல் வந்த முதல் மெஷினில் ஒரு பிரதி எடுக்க 39 படிகள், எல்லாம் கையால். அலுவலகங்களில் எடுபடவில்லை. ஆஃப்செட் அச்சகங்களுக்குத் தேவையான தாள் தகடு தயாரிக்க அது உதவியதால் கம்பெனி பிழைத்தது.

எடை 294 கிலோ

கடைசியாக 1959 செப்டம்பர் 16-ல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் ஜெராக்ஸ் 914 மேடை ஏறியது. 9 அங்குலத்துக்கு 14 அங்குலத் தாள் வரை எடுக்கும், அதனால் அந்தப் பெயர். கொண்டுவந்தது இரண்டு மெஷின், அதில் ஒன்று தீப்பிடித்துக்கொண்டது. தாள் உள்ளே மாட்டினால் சூட்டில் கருகும் என்பதால், பிறகு விற்ற மெஷின்களோடு ஒரு சின்னத் தீயணைப்பானும் கொடுத்தார்கள். அதற்குக் கருகல் நீக்கி என்கிற மாதிரி நாசூக்கான பெயர் வைத்தார்கள். மார்க்கெட்டிங் ஆட்கள் எந்தக் காலத்திலும் மார்க்கெட்டிங் ஆட்கள்தான்.

மெஷினின் எடை சுமார் 294 கிலோ. இதை யார் வாங்குவார்கள்? அதனால் வாடகைக்கு விட்டார்கள். மாதம் 95 டாலர், அதில் 2,000 பிரதி அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு பிரதிக்கும் தனிக் காசு. நம்ம லேபில் பக்கத்துக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடுகிறதே, அந்த வியாபார முறையின் வேர் இங்கேதான் இருக்கிறது. நிமிடத்துக்கு ஏழு பிரதி வரும். சாதாரணத் தாளே போதும், ஈரமில்லை, கறையில்லை. ஒரு பட்டன். 1938-லிருந்து 1960 வரை, அந்த மங்கல் எழுத்து ஒரு அலுவலகத்துக்குள் நுழைய 21 வருஷத்துக்கும் மேல் ஆனது.

அதன்பிறகு பணம் கொட்டியது. 1965 வரை உலகத்தில் எடுக்கப்பட்ட ஒவ்வொரு ஜெராக்ஸ் பிரதிக்கும் சுமார் ஒரு சென்ட்டில் 16-ல் ஒரு பங்கு கார்ல்சனுக்குப் போனது. சின்னத் தொகைதான், ஆனால் பிரதிகள் கோடிக்கணக்கில்.

அவர் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளவில்லை. சேர்ந்தது சுமார் 15 கோடி டாலர், கொடுத்தது சுமார் 10 கோடி டாலர். பெயர் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார். ஐரோப்பாவில் ரயிலில் போனால் மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கத்தான் பார்ப்பார். கறுப்பின மக்களுக்கு வீடு வாடகைக்குத் தர மறுத்த காலத்தில், அடுக்குமாடிக் கட்டடங்களை வாங்கி எல்லா இனத்தவரும் குடியிருக்க வழி செய்தார். டாரிஸின் வழியாக வேதாந்தத்திலும் ஜென் பௌத்தத்திலும் ஈடுபாடு வந்தது. மறுபிறவி நினைவுகளை ஆராய்ந்த வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் இயன் ஸ்டீவன்சனுக்கும் அவர் பணம் போனது. அந்த ஆராய்ச்சிக்காக ஸ்டீவன்சன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சென்றவர். அந்த ஆராய்ச்சியைப் பற்றி நமக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, கார்ல்சன் விசித்திரமான கேள்விகளுக்குக் காசு கொடுக்கத் தயங்கவில்லை. அவர் கேள்விக்கே ஒரு காலத்தில் யாரும் காசு கொடுக்கவில்லையே.

1968 செப்டம்பர் 19. நியூயார்க்கில் ஒரு சினிமா தியேட்டரில் தனியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தவர், இருக்கையிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். வயது 62.

நான்கு தடவை அதே வேலை

கலரை அவர் பார்க்கவில்லை. ஜெராக்ஸின் முதல் கலர் காப்பியர் 1973-ல்தான் வந்தது. ஆனால் அதற்காகப் புதிதாக ஒரு தத்துவம் தேவைப்படவில்லை. மஞ்சள், மெஜந்தா, சயான் என ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக அதே மின்னேற்று, ஒளி, தூள், தாள். இன்றைய கலர் லேசர் பிரின்டரில் கறுப்பும் சேர்ந்து நான்கு. மூன்று நிறத்தையும் கலந்தால் வருவது சுத்தக் கறுப்பு இல்லை, சேறு மாதிரி ஒரு பழுப்பு. அதனால் கறுப்புக்குத் தனி டோனர். நான்கு டோனர், பெரும்பாலான மெஷின்களில் நான்கு டிரம், நான்கு படமும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரணும். கலர் ரேட்டுக்குக் காரணம் இதுதான். இன்னொன்று, பல மெஷின்களில் பக்கத்தில் ஒரே ஒரு நீல நிற லிங்க் இருந்தாலும் அது கலர் பக்கமாகத்தான் கணக்காகும். பிரின்ட் கொடுக்கும்போது கிரேஸ்கேல் என்று மாற்றிவிட்டால் தப்பிக்கலாம்.

கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் தாளுக்கு வரும் லேசர் பிரின்டரும் ஜெராக்ஸ் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதரின் வேலைதான். 1970-களின் கடைசியில் ஸ்டான்போர்ட், கார்னெகி மெலன், எம்ஐடி பல்கலைக்கழகங்களுக்கு ஜெராக்ஸ் தன் ஆல்டோ கம்ப்யூட்டர்களையும் லேசர் பிரின்டரையும் கொடுத்தது. நெட்வொர்க்கில் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் லேப் பிரின்டருக்கு முன்னோடி அது. அதன் தலைவலிக்கும் முன்னோடி. எம்ஐடியில் பிரின்டர் ஒரு மாடியில், ஆட்கள் இன்னொரு மாடியில். பேப்பர் மாட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது, போய்ப் பார்த்தால் தாள் வந்திருக்காது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோகிராமர் மென்பொருளைத் திருத்திச் சரிசெய்யப் பார்த்தார். மூல நிரலைக் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்த கதையில் அந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு.

டெல்லி ஜெராக்ஸ் கடை வழக்கு

கார்ல்சன் நூலகத்தில் கையால் எழுதிய பக்கங்களை நம்ம ஊர் மாணவர்கள் ஜெராக்ஸ் கடையில் எடுக்கிறார்கள். டெல்லி பல்கலைக்கழக வளாகத்துக்குள், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடையும் அப்படித்தான். ஆசிரியர்கள் பரிந்துரைத்த பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து பிரதி எடுத்து, ஒரே தொகுப்பாகக் கட்டி, மாணவர்களுக்கு மலிவாகக் கொடுத்தார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-ல் கடை மீதும் பல்கலைக்கழகம் மீதும் பதிப்புரிமை வழக்குப் போட்டன.

பதிப்பகங்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எழுதியவருக்கும் வெளியிட்டவருக்கும் காசு வரவேண்டும். ஆனால் பத்துப் புத்தகத்திலிருந்து பத்து அத்தியாயம் படிக்க வேண்டிய மாணவர் பத்துப் புத்தகத்தையும் வாங்க முடியுமா என்பதுதான் எதிர்க்கேள்வி. 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 914 மேடை ஏறிய அதே தேதி, 57 வருஷம் கழித்து. அந்த டிசம்பரில் டிவிஷன் பெஞ்ச், கற்பித்தலுக்காகப் பிரதி எடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்பதை உறுதி செய்தது. கல்விக்குத் தேவையான அளவுதான் எடுக்கப்பட்டதா என்பது போன்ற சில கேள்விகளை மட்டும் விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன.